சென்ட்ரல் பக்கத்துக் கருங்கல் ஆபீஸ்: கல்லுக்கு ஒரு கணக்கு, உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒரு கணக்கு

#1 கோட்டோவியம்

வணக்கம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் இருக்கும் தென்னக ரயில்வே தலைமை அலுவலகம் பற்றி ஒரு ஆவணக் குறிப்பு தயாராகிறது. கட்டடக்கலை மாணவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டடத்தையும், இதே வயசுள்ள மற்றக் கட்டடங்களையும் பார்க்கிற மாதிரி இருக்கணும். மூணு விஷயத்தில் தெளிவு வேணும்.

யார், எப்போ, எதுக்காகக் கட்டினாங்க என்பது முதல் விஷயம். எல்லாரும் "இந்தோ சாரசெனிக்" (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலந்த ஆங்கிலேயர் காலப் பாணி) என்று ஒரே வார்த்தையில் முடிச்சுடறாங்களே, அது சரியா என்பது இரண்டாவது. மூணாவதுதான் முக்கியம்: 1920-களில் கல்லும் கான்கிரீட்டும் சேர்த்துக் கட்டின ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் எதைப் பார்க்கணும், எந்த வரிசையில் பார்க்கணும், கை வைக்கும்போது எது கெட்டுப்போகும்?

மூணாவது கேள்விக்கு அந்தத் தலைமுறைக் கட்டடங்களுக்குப் பொதுவான பதில் போதும். இந்தக் குறிப்பிட்ட கட்டடம் இப்போ எந்த நிலையில் இருக்கு என்று யாரும் ஊகிக்க வேண்டாம். உள்ளே போய்ச் சோதனை செய்யாமல் அதைச் சொல்வது நியாயமில்லை.

#2 மீட்டர்கேஜ்

முதலில் ஒரு திருத்தம். இதைத் தென்னக ரயில்வேக்காகக் கட்டவில்லை. தென்னக ரயில்வே பிறந்ததே 1951 ஏப்ரல் 14-ல். கட்டடம் திறந்தது 1922 டிசம்பரில். கட்டினது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனி. பழைய ரயில்வே ஆட்கள் பேச்சில் எம்.எஸ்.எம்.

கம்பெனியின் வம்சத்தைத் தெரிஞ்சுக்கிட்டால்தான் இவ்வளவு பெரிய ஆபீஸ் ஏன் என்பது புரியும். மெட்ராஸ் ரயில்வே 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை அது. அதன் வடமேற்குப் பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே) பாதையோடு சேர்ந்தது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர் ரயில் தொடர்பு வந்தது அப்படித்தான். 1908 ஜனவரி 1-ல் மெட்ராஸ் ரயில்வேயின் பெரும்பகுதி சதர்ன் மராட்டா ரயில்வேயோடு இணைந்து எம்.எஸ்.எம். ஆனது. ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் பக்கம் போன பாதை மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேக்குப் போனது. ஆக ஒரே கம்பெனி கையில் இந்தப் பக்கம் அகலப் பாதை, ஹூப்ளி பக்கம் மீட்டர் கேஜ். இரண்டு விதமான எஞ்சின், இரண்டு விதமான பெட்டி, இரண்டு வகைக் கணக்கு. அத்தனை குமாஸ்தாக்களையும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைக்க இடம் வேண்டியிருந்தது.

1922 வரை தலைமையகம் ராயபுரம். சென்ட்ரல் 1873-லேயே வந்துவிட்டது. கம்பெனியின் பெரிய வண்டிகள் எல்லாம் இங்கிருந்து கிளம்பும்போது மேலிடம் மட்டும் ராயபுரத்தில் இருப்பது வசதிப்பட்டிருக்காது.

வரைந்தவர் கம்பெனியின் கட்டடக் கலைஞர் என். கிரேசன். கட்டியவர் பெங்களூர் கான்ட்ராக்டர் டி. சாமிநாத பிள்ளை; 1908-ல் திறந்த எழும்பூர் ஸ்டேஷனைக் கட்டினவரும் அவரே. செலவு ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய். 1944 ஏப்ரல் 1-ல் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1951-ல் எம்.எஸ்.எம்., சவுத் இந்தியன், மைசூர் மூன்றும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆனபோது தலைமையகம் இங்கேயே நிலைத்தது. திருச்சியில் இருந்த சவுத் இந்தியன் தலைமையகம் அந்தத் தகுதியை இழந்தது. குறிப்பில் "தென்னக ரயில்வே கட்டியது" என்ற வரி எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒரு கம்பெனி கட்டினதுக்கும், ஒரு அரசுத் துறை கட்டினதுக்கும் வரைபடத்திலேயே வித்தியாசம் உண்டு.

#3 கருங்கல்

பாணியைப் பற்றி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்த அரை கிலோமீட்டரை நடந்து பாருங்கள். சிவப்பு சென்ட்ரல். 1880-களின் கடைசியில் எழுந்த சிவப்பு விக்டோரியா பப்ளிக் ஹால். 1913-ல் வந்த வெள்ளை ரிப்பன் மாளிகை. அப்புறம் இந்தச் சாம்பல். மற்றவை செங்கல்லையோ பூச்சையோ முகமாகக் காட்டுகின்றன. இது கல்லைக் காட்டுகிறது. "இந்தோ சாரசெனிக்" என்ற சொல்லை எழும்பூருக்கும் ஹைகோர்ட்டுக்கும் சொல்லிவிட்டு இதற்கும் சொன்னால் அந்தச் சொல்லில் ஒன்றும் மிஞ்சாது. இங்கே தூணும் கொடுங்கையும் (கூரை விளிம்பில் வளைந்து வெளியே நீளும் பகுதி) கோயில் பக்கம் சாய்கின்றன. உச்சியில் குவிமாடம். அறைகளின் அடுக்கோ பக்கா ஆபீஸ் அடுக்கு. குறிப்பில் ஒரே முத்திரை குத்தாமல் உறுப்பு உறுப்பாக எழுதுங்கள்: அடிப்பீடம், தூண், போதிகை (தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு), கொடுங்கை, கைப்பிடிச்சுவர், கோபுரம். ஒவ்வொன்றும் எந்த மரபிலிருந்து வருகிறது என்று தனித்தனியாகச் சொன்னால் மாணவர்களுக்குக் கண் திறக்கும்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கருங்கல்" என்பது மேஸ்திரி பேச்சு. அதற்குள் பல கல் அடங்கும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் சார்னோகைட். புதிதாக உடைத்த முகம் நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தொட்ட மாதிரி மங்கிப் பளபளக்கும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறை மேல் கிடக்கும் பலகை இந்த ஊர்க் கல். அதைப் பார்த்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தக் கல் வகைக்கே அந்தப் பெயரை வைத்தார். ஒரு கட்டடத்தின் கல் எந்தக் குவாரி என்று கண்ணால் முடிவு கட்டாதீர்கள். உதிர்ந்த சில்லு கிடைத்தால் மெல்லிய சீவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

படம் எடுப்பவர்களுக்கு: சாலையைப் பார்த்த முகப்பு தெற்குப் பக்கம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் உச்சிச் சூரியன் வடக்கே போய்விடும். நடுப்பகலில் தெற்கு முகம் தன் நிழலிலேயே நிற்கும். டிசம்பர், ஜனவரியில் காலை 9 மணிக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது உளித்தடமும் இணைப்புக் கோடும் தெளிவாக வரும். உளித்தடம் படத்தில் விழவில்லை என்றால் அது ஆவணப்படம் இல்லை.

#4 நிழற்குடை

சென்னையின் முதல் கான்கிரீட் கட்டடம் இதுதான் என்று பல இடத்தில் படித்திருக்கிறேன். அப்படியானால் பழுது பார்ப்பது சுலபம்தானே? கல் இணைப்பில் சிமெண்ட் அடைத்து, உள் தளத்தின் அடிப்பக்கம் உரிந்த இடத்தில் 1:3 சிமெண்ட் பூச்சு போட்டு, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் இருபது வருஷம் நிற்காதா? எல்லா அரசுக் கட்டடத்திலும் அதைத்தான் செய்கிறார்கள்.

#5 கம்பிகட்டு

நிழற்குடை சார், நீங்கள் சொன்ன மூன்றும்தான் இந்த வகைக் கட்டடங்களைக் கெடுக்கிற மூன்று காரியம். கல் இணைப்பைச் சுதைவேலை அண்ணன் சொல்வார். நான் கான்கிரீட்டைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

"முதல்" என்ற பட்டத்தை விட்டுவிடுங்கள். சென்னையில் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டை ஆரம்பத்திலேயே பெரிய அளவில் எடுத்தாண்ட கட்டடங்களில் இது ஒன்று; பழுதுபார்ப்பவனுக்கு அது போதும். அந்தக் காலத்துக் கலவை பெரும்பாலும் கொள்ளளவில் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி). இன்றைய கணக்கில் எம்-15 பக்கம், அதாவது 15 மெகாபாஸ்கல் வலிமை. கம்பி முறுக்குக் கம்பி இல்லை, வழவழ உருண்டைக் கம்பி. கான்கிரீட்டை அது பிடிப்பது நுனியில் வளைத்த கொக்கியால். கம்பிக்கு மேலே இருக்கும் கான்கிரீட் கவர் பல இடத்தில் மெலிசு, கையால் வைத்து ஊற்றினதால் இடத்துக்கு இடம் மாறும்.

இப்போ என்ன நடக்கும்? காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைக்கும்; இதுதான் கார்பனேற்றம். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். ஒரு கணக்கு: 100 வருஷத்தில் 40 மி.மீ. இறங்கியிருந்தால் கெழு 4 (40-ஐ, 100-ன் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தது). அதே கெழுவில் 20 மி.மீ. கவரைத் தொட 25 வருஷம் போதும். அதாவது 1922-ல் ஊற்றின அப்படி ஒரு தளத்தில் 1947-லேயே கம்பியின் காப்பு போயிருக்கும். காப்பு போனதும் துரு வந்துவிடாது, ஈரம் வேண்டும். அதனால்தான் ஒரே தளத்தில் காய்ந்த ஹால் நன்றாக நிற்கும், கழிவறைக்குக் கீழேயும் மழைக்குழாய் பக்கத்திலும் மட்டும் உரியும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் கம்பி போன கோட்டிலேயே பிளக்கும். கம்பிக்கு இணையாக நேர்க்கோட்டில் ஒரு பழுப்பு விரிசல் தெரிந்தால் அது பூச்சு விரிசல் இல்லை.

சோதனை வரிசை இதுதான். முதலில் சின்னச் சுத்தியால் சதுரம் சதுரமாகத் தட்டிப் பார்த்து, டொப்பு டொப்பென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடணும். பிறகு கவர் மீட்டரால் கம்பி எங்கே, எவ்வளவு ஆழம் என்று வரைபடம் போடணும். அடுத்து ஃபீனால்ஃப்தலீன்: ஆல்கஹாலில் 1 சதவீதக் கரைசல், புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரம் உள்ள இடம் ரோஸாகும், கார்பனேற்றம் ஆன இடம் நிறம் மாறாது. பிறகு காப்பர் சல்ஃபேட் எலெக்ட்ரோடு வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கணும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்கிறது என்று 90 சதவீதம் நம்பலாம், மைனஸ் 200-க்கு மேலே என்றால் இல்லை என்று நம்பலாம். நடுவில் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கடைசியாகத் தூள் எடுத்து குளோரைடு, அதாவது கம்பியைத் துருவேற்றும் உப்பு, எவ்வளவு என்று பார்க்கணும். கடற்கரை ஊர், எந்த மணல் போட்டார்கள் என்று தெரியாது, இதைத் தவிர்க்கவே கூடாது.

ரீபவுண்ட் சுத்தியை (மேற்பரப்பில் அடித்து எகிறும் அளவைப் படிக்கும் கருவி) மட்டும் வைத்து வலிமை சொல்பவர்களை நம்பாதீர்கள். கார்பனேற்றம் ஆன மேல்தோல் கெட்டியாகும். கருவி அதைத்தான் படிக்கும். எம்-15 கான்கிரீட்டை அதைவிட வலுவானது என்று சொல்லும். இரண்டு மூன்று இடத்திலாவது கோர் (உருளையாகத் துளைத்து எடுக்கும் துண்டு) எடுத்து நசுக்கிப் பார்த்து அந்த எண்ணால் கருவியைத் திருத்தணும்.

இனி 1:3 பூச்சு ஏன் விழும். துருப்பிடித்த கம்பியின் கீழ்ப்பக்கத்தை மட்டும் தட்டிவிட்டு மேலே பூசினால் கம்பியின் முதுகில் துரு அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சோடு கீழே வரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற மாதிரி 20, 25 மி.மீ. வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் சுத்தம் செய்து, கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, துத்தநாகப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த ரிப்பேர் காரையை 10 முதல் 15 மி.மீ. படிவங்களாக ஏற்றணும். ரிப்பேர் காரை பழைய கான்கிரீட்டைவிட ரொம்பக் கெட்டியாக இருக்கக் கூடாது. எம்-15 மேலே 60 மெகாபாஸ்கல் காரை போட்டால் விளிம்பில் கிழிச்சுக்கிட்டு வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சுத்தமாக ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பைச் சுற்றி, அதுவரை நன்றாக இருந்த கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடம் பலியாகிப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது; அதை நீங்கள் சரிசெய்ததும் பலி பக்கத்துக்கு நகர்கிறது. குளோரைடு அதிகம் என்றால் ஒட்டின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிப் புதைக்கணும். அடுத்த பலியாள் அது.

#6 கோட்டோவியம்

ரொம்ப நன்றி சார். அந்த வர்க்கமூலக் கணக்கு அப்படியே குறிப்பில் போகும். ஒரு சந்தேகம்: டிரில் போட்டு ஓட்டைக்குள் ஃபீனால்ஃப்தலீன் தெளிச்சால் போதாதா? பாரம்பரியக் கட்டடத்தில் உடைக்கத் தயக்கமா இருக்கு.

#7 கம்பிகட்டு

போதாதுங்க. டிரில் ஓட்டும்போது உள்ளே இருக்கும் காரத்தூள் ஓட்டைச் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும்; முழுக்க ரோஸாகத் தெரிந்து, கார்பனேற்றமே இல்லை என்று தப்பு முடிவு வரும். ஏற்கனவே டொப்பென்று கேட்கும் இடத்தில் விளிம்பை உளியால் பிளந்து, தூளை ஊதிவிட்டு, உடனே தெளியுங்கள். எப்படியும் எடுக்க வேண்டிய கான்கிரீட்தான் அது. நல்ல இடத்தில் ஒப்பீட்டுக்கு வேண்டும் என்றால் கோர் எடுக்கும்போது அதன் பக்கத்தில் தெளித்துக்கொள்ளலாம். ஒரு துளையில் மூன்று வேலை முடியும்: வலிமை, கார்பனேற்ற ஆழம், குளோரைடு.

#8 சுதைவேலை

கல் இணைப்புக்கு வருவோம். இதில் சிமெண்ட் அடைப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கும், ஏன்னா அதைத் திருப்பி எடுக்கும்போது கல்லின் ஓரம் உடைஞ்சுதான் வரும்.

கருங்கல் தண்ணி குடிக்காது. அதன் எடையில் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. முகப்பில் விழுற மழை முழுக்க வழிஞ்சு இணைப்புக்குத்தான் வரும். அந்த இணைப்பு சுண்ணாம்புக் காரையா இருந்தால் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி, வெயில் வந்ததும் திருப்பி விட்டுடும். சிமெண்ட் அடைச்சால் மேலே மயிரிழை விரிசல் விடும், அது வழியா உள்ளே போன தண்ணிக்குத் திரும்பி வர வழி இருக்காது. சுவருக்கு உள்பக்கம் செங்கல்லும் சுண்ணாம்பும் ஊறி, ஆபீஸ் அறைக்குள்ளே பூச்சு பொரியும். வெளியே கல் புதுசு மாதிரி நிற்கும். பார்க்கிறவங்க குழாய் லீக்னு தேடுவாங்க. கல்லைக் கோக்கப் போட்ட இரும்புக் கவ்வு இருந்தால் அதுவும் துருவேறி மூலைக் கல்லையே பிளக்கும்.

கை வைக்குறதுக்கு முன்னாடி பழைய காரை என்னன்னு தெரியணும். நெல்லிக்காய் அளவு கட்டி ஒண்ணு, உள் ஆழத்திலிருந்து எடுங்க. லென்ஸ் வெச்சுப் பார்த்து கிளிஞ்சல் துண்டு இருக்கான்னு குறிச்சுக்கணும், சென்னைச் சுண்ணாம்புல அது சகஜம். எடை போட்டு, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு பொங்கிக் கரையும், மணல் மிஞ்சும். அதைக் கழுவிக் காயவெச்சு எடை போட்டால் பங்கு தெரியும், சலிச்சால் மணலோட பருமன் தெரியும். கிளிஞ்சலும் சேர்ந்து கரையும் என்பதால் லென்ஸ்ல பார்க்காமல் கணக்குப் போட்டால் சுண்ணாம்பு அதிகம்னு ஏமாந்துடுவோம். பொங்காமல் சாம்பல் கட்டியா நின்னுச்சுன்னா யாரோ முன்னாடியே சிமெண்ட் வெச்சிருக்காங்க.

பழைய இணைப்பைக் கிரைண்டர் போட்டு அறுக்கவே கூடாது. செதுக்கின கல்லில் இணைப்பு 3, 4 மி.மீ.தான் இருக்கும், தகடு கொஞ்சம் ஆடினாலே கல்லின் ஓரம் போயிடும். மெல்லிய உளி, கைச்சுத்தி. 20 முதல் 25 மி.மீ. ஆழம். தண்ணி பீச்சித் தூசியைக் கழுவி, இணைப்பு ஈரமா இருக்கும்போதே அடைக்கணும். காஞ்ச இணைப்பில் வெச்ச காரையோட தண்ணியைப் பக்கத்துக் காரை உறிஞ்சிக்கிட்டால் அது பவுடர்தான்.

கலவை: சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தாளிச்சு (தண்ணி விட்டு வேக வெச்சு), மேலே தண்ணி நிற்க வெச்சு, குறைஞ்சது 3 வாரம் ஊறணும். அவசரப்பட்டால் வேகாத கட்டி சுவருக்குள்ளே போய் வெந்து கொப்புளம் வெடிக்கும். 1 பங்கு சுண்ணாம்பு, அரையிலிருந்து 1 பங்கு சுர்க்கி (செங்கல் தூள்), 2 பங்கு மணல். சுர்க்கிக்கு நல்லா வெந்த செங்கல் உதவாது; கொஞ்சம் குறைவா வெந்ததைத் தூளாக்கினால்தான் சுண்ணாம்போட சேர்ந்து இறுகும். மணலோட பெரிய பருக்கை இணைப்பு அகலத்தில் மூணுல ஒண்ணுக்கு மேலே இருக்கக் கூடாது. எம்-சாண்ட்னா கழுவி மாவைப் போக்கணும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. அடைச்ச பிறகு ஈரச்சாக்கு ஒரு வாரம். வெயில் நேரா விழாமல் சாரத்தில் துணி கட்டணும்.

அரசங்கன்று முளைச்சிருந்தால் பிடுங்காதீங்க. பிடுங்கினால் தண்டு வரும், வேர் உள்ளே தங்கி இரண்டு மடங்கு தடிச்சு மறுபடி துளிர்க்கும். தண்டை வெட்டின உடனே, பால் வடியும்போதே, வெட்டு முகத்தில் கிளைஃபோசேட் களைக்கொல்லி தடவி, அது முழுசும் காயும் வரை விடணும். பல வாரம் ஆகும். அப்புறம் காஞ்ச வேரை வர்ற வரைக்கும் எடுத்து, பொந்துல மெலிசான சுண்ணாம்புக் கரைசலைக் கீழிருந்து மேலா, அழுத்தம் கம்மியா ஏத்தணும். மேலேயிருந்து ஊத்தினால் காத்து அடைச்சு நடுவுல வெற்றிடம் நிற்கும்.

#9 நிழற்குடை

விளக்கத்துக்கு நன்றி. பூச்சு விஷயத்தில் என் எண்ணம் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. இது தினமும் ஆயிரக்கணக்கான கோப்பு நகரும் ஆபீஸ். ஒரு தளத்தைக் காலி செய்து தரமாட்டார்கள். பழைய கான்கிரீட் தளத்தில் கொத்தி எடுக்கும்போது மேலே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

#10 கம்பிகட்டு

நல்ல கேள்வி, உயிர் சம்பந்தப்பட்டது. கொத்தும்போது கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இருக்கும் பிடி போகிறது. வழவழக் கம்பியில் மிச்சம் நிற்பது நுனிக் கொக்கி மட்டும். அதனால் முட்டு கொடுக்காமல் உளி வைக்கக் கூடாது. முட்டு அந்த ஒரு தளத்தோடு நிற்கக் கூடாது. கீழ்த்தளம் இந்தப் பாரத்தைத் தாங்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். முட்டுக்கு நேர் கீழே முட்டு என்று தரை வரை இறக்கணும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, மேலே இருக்கும் பாரத்தைக் குறைப்பது. எந்தப் பழைய ஆபீஸிலும் பெரிய எதிரி காகிதம்தான். ஒரு கன மீட்டர் அடுக்கின காகிதம் 700, 800 கிலோவை நெருங்கும். சுவரோரம் இருந்த பீரோக்கள் வருஷக்கணக்கில் தளத்தின் நடுவுக்கு நகர்ந்து வந்திருக்கும். அவற்றைச் சுவரோரமாகவோ உத்தரத்துக்கு நேர் மேலேயோ மாற்றினாலே தளம் மூச்சு விடும். பிறகு ஒரு உத்தரத்தில் மீட்டர் மீட்டராக, ஒன்று விட்டு ஒன்றாகக் கொத்தி, காரை ஏற்றி, அது இறுகின பிறகு நடுவில் விட்டதை எடுக்கலாம். மேலே உள்ள அறையைப் பகலில் அந்தப் பகுதி மட்டும் கயிறு கட்டி மூடினால் போதும், முழுத் தளமும் காலியாக வேண்டாம். அதிர்வு சுத்தியலுக்குப் பதில் சின்னச் சிப்பிங் மெஷின். பெரியது போட்டால் நல்ல கான்கிரீட்டிலும் நுண்விரிசல் விழும்.

#11 கருங்கல்

மழைநீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நூறு வருஷக் கட்டடத்துக்கு முதல் மருந்து அதுதான். சென்னையில் கனமழை வடகிழக்குப் பருவத்தில் அடிப்பது வடக்கு, கிழக்கு முகங்களில். சாலையிலிருந்து நாம் ரசிக்கும் தெற்கு முகப்பு ஓரளவு காய்ந்தே இருக்கும், ஊறுவது பின்பக்கம். ஆய்வுக் குறிப்பைப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

குழாய் கணக்கு: மணிக்கு 50 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் ஏறக்குறைய 85 சதுர மீட்டர் கூரைக்குத்தான் பதில் சொல்லும். 75 மி.மீ. குழாய் என்றால் 40 சதுர மீட்டர். பழைய வார்ப்பிரும்புக் குழாய் உடைந்த இடத்தில் கைக்குக் கிடைத்த 75 மி.மீ. பிளாஸ்டிக் குழாயைச் சொருகியிருந்தால் அந்த வாய் பாதித் தண்ணீரைத்தான் வாங்கும். மிச்சம் கைப்பிடிச்சுவர் ஓரம் குளமாக நின்று கூரையில் இறங்கும். கீழே ஃபீனால்ஃப்தலீன் தெளிப்பதற்கு முன் மேலே போய்க் குழாய் வாயை அளந்து பாருங்கள்.

ஏ.சி. தண்ணீரும் இதில் சேரும். வெளி யூனிட்டின் சொட்டுத் தண்ணீர் கல்முகத்தில் ஒரே தடத்தில் வருஷம் முழுக்க வழிந்தால் பாசி, அப்புறம் கருப்புக் கோடு. அதை எடுக்க அமிலம் வேண்டாம், மணல் பீச்சும் வேலையும் வேண்டாம். இரண்டும் உளித்தடத்தை அழித்துவிடும். தண்ணீரைப் புகை மாதிரித் தெளித்து மணிக்கணக்கில் ஊறவிட்டு நார் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். இரும்புக் கறை என்றால் மட்டும் அமோனியம் சிட்ரேட்டை வெள்ளைக் களிமண்ணில் குழைத்துப் பத்துப் போட்டு, காயாமல் மூடிவைத்து எடுக்கணும்.

#12 மீட்டர்கேஜ்

பதிவுகள் தேடுபவர்களுக்கு. கம்பெனிகள் லண்டனில் பதிவானவை. இயக்குநர் குழு அங்கேதான் கூடியது. அதனால் கம்பெனிக் கடிதங்களை லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேடணும். சென்னை அரசோடு நடந்த நிலம், சாலை சம்பந்தமான போக்குவரத்தை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித்துறை அரசாணைகளில் தேடலாம். 1908-லிருந்து 1922 வரை வருஷவாரியாக அட்டவணையைப் புரட்டுங்கள். உள்ளே அளவெடுக்க ரயில்வேயின் மக்கள் தொடர்பு அதிகாரி மூலம் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எந்தத் தளம், எந்த நாள், என்ன கருவி, எத்தனை பேர் என்று ஒரே பக்கத்தில் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

#13 கோட்டோவியம்

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: வருஷத்தில் எந்த மாசம் எந்த வேலை? சாரம் கட்டினால் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும், ஒரே தடவையில் முடிக்க முடியுமா?

#14 சுதைவேலை

முடியும், ஆனால் அக்டோபர்ல சாரம் கட்டாதீங்க. செப்டம்பர் முதல் வாரமே கூரை வாய், குழாய் எல்லாம் சுத்தம் பண்ணி, கன்று முளைச்ச இடத்தில் மருந்து தடவிடுங்க. மழை அடிக்கும்போது நவம்பர்ல உள்ளே சுற்றி, எங்கே ஈரம் வருதுன்னு தேதி போட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போடணும். காஞ்ச காலத்தில் அந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது. டிசம்பர் கடைசியிலேயே சுண்ணாம்பை ஊறப் போட்டுடணும். ஜனவரி நடுவில் சாரம். அதே சாரத்தில் முதல்ல கம்பிகட்டு சார் சொன்ன சோதனை, அப்புறம் கான்கிரீட் ரிப்பேர், கடைசியாத்தான் கல் இணைப்பு. கொத்துற அதிர்வில் புது இணைப்பு ஆடிடும். ஏப்ரலுக்குள்ள சுண்ணாம்பு வேலை முடியணும். கத்திரி வெயில்ல சாக்கு எவ்வளவு நனைச்சாலும் அரை மணியில் காஞ்சிடும், காரை வெளுத்து விரலால் சுரண்டினாலே வரும். மிஞ்சினதை அடுத்த ஜனவரிக்கு விடுங்க. ஊறின சுண்ணாம்பு தண்ணிக்குள்ளே இருக்குற வரைக்கும் கெடாது, வயசாக வயசாக வெண்ணெய் மாதிரி ஆகும்.